மைதானம் இல்லாத பள்ளிக்கூடங்கள்

பள்ளிக்கூடம் விட்டதும் நம்ம தோட்டத்துப் பையன்கள் எங்க போறாங்க? மொனராகலையிலும் பதுளையிலும் இந்தக் கேள்விக்கு நூறு வருஷ வரலாறு இருக்கு.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. கிடைத்தது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர். விளையாட்டு துரைமாரின் கிளப்போடு நின்றது. 1970களில் தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆனா மலைச்சரிவில் இருந்த பல பள்ளிகளுக்கு மைதானம் வரவே இல்லை.

2006இன் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயசுக்குக் குறைந்தவருக்கு மதுவும் சிகரெட்டும் விற்பதைத் தடுக்கிறது. தடுத்தது சரி, பதிலுக்கு என்ன கொடுத்தோம்?

ஐஸ்லாந்தில் முந்தைய மாதம் குடித்து வெறித்த 15, 16 வயதினர் 1998இல் 42 சதவீதம்; 2016இல் 5 சதவீதம். அங்கே விளையாட்டுக் கட்டணத்துக்கு உதவி, பயிற்சி பெற்ற பயிற்றுநர், பெற்றோர் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து வந்தன. வெறும் பந்து போதாது. மேட்ச் ஜெயிச்சா போத்தல் திறக்கிற அண்ணன்மாரையும் நமக்குத் தெரியும். அதனால நாம் கேட்பது மைதானத்தோடு ஒரு பயிற்றுநரையும்.