சீதனக் காணியும் கணவன் சம்மதமும்

தேசவழமை தொன்றுதொட்டு மாறாது வந்த மரபென்றே நம்மவர் பலரும் கருதுகின்றனர். வரலாறு கூறுவது வேறு. ஒல்லாந்தர் ஆட்சியில், யாழ்ப்பாணத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் 1707இல் தொகுக்கப்பெற்றது அது. பன்னிரு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். பெண்களின் கருத்தைக் கேட்பார் இலர். 1806ஆம் ஆண்டுப் பிரமாணத்தால் ஆங்கிலேயரும் அதனை ஏற்றுக்கொண்டனர்.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் சீதனத்தை மனைவியின் தனிச் சொத்தாக்கியது. ஆயினும், தன் வாழ்நாளில் அக்காணியை அவள் விற்பதற்கோ ஈடுவைப்பதற்கோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என விதித்தது. அவன் நியாயமின்றி மறுத்தால் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். கணவன் தன் முதுசொத்தை விற்பதற்கோ மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை!

1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் பொதுச்சட்டத்துக்குட்பட்ட பெண்களை இத்தகைய தளையினின்றும் விடுவித்தது. தேசவழமைக்குட்பட்ட பெண்களுக்கு அவ்விடுதலை கிட்டவில்லை. உறுதியில் பெயர் அவளுடையது, அதிகாரம் அவனுடையது.

மனிதர் கூடி எழுதிய வழமையை மனிதர் கூடித் திருத்தவும் இயலும். சீதனம் எவ்வளவு என வினவும் நாம், அதன்மேல் அவளுக்குள்ள அதிகாரம் எவ்வளவு என வினவுவது எந்நாளோ?