தறியோரம் ஒரு பாட்டுப் பெட்டி

சென்ற ஐப்பசி மாதத்தில் பொதட்டூர்பேட்டையிலிருந்து என் பெரியப்பா ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். "பாட்டுக் கேட்க ஒரு பெட்டி வேணும். ஆயிரம் ரூபாய்க்குள்ள இருக்கணும். திருகினா பாடணும், திருகினா நிக்கணும். வேற வித்தை ஒண்ணும் வேணாம்."

பெரியப்பாவுக்கு வயது 84. பதினைந்து வயதில் குழித்தறியில் கால் இறக்கியவர். பேரன் கையில் இருக்கும் செல்போனில் உலகத்துப் பாட்டெல்லாம் அடங்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கண்ணாடியின் மேல் விரலைத் தேய்த்துப் பாட்டை வரவழைக்கும் அந்த மந்திரம் மட்டும் அவருக்குக் கைவரவில்லை.

நான் இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கினேன். பத்துப் பதினைந்து பெட்டிகளைத் தட்டிப் பார்த்தேன், திருகிப் பார்த்தேன், காதில் வைத்துப் பார்த்தேன். ஏழை வீட்டுக்கு ஏற்ற பாட்டுப் பெட்டி எது என்ற கேள்வி நான் நினைத்ததைவிடப் பழமையானது என்பது அப்போதுதான் உறைத்தது. அது சுமார் நூறாண்டுக் கேள்வி. அதற்குக் காலந்தோறும் வந்த விடைகளைப் பெரியப்பாவின் தறியோரத்தில் வைத்து எடை போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

திருத்தணிக்கு அருகில் உள்ள பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது, சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து இந்த வட்டாரமும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. முதலியவர்கள் நடத்திய கிளர்ச்சியும், படாஸ்கர் செய்த மத்தியஸ்தமும், 1959-ல் நிறைவேறிய சட்டமும் சேர்ந்து, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணியைச் சென்னை ராஜ்யத்தில் கொண்டுவந்து சேர்த்தன. ஆகவே, ஊரை விட்டு ஓரடி நகராமலே இரண்டு ராஜ்யங்களில் குடியிருந்தவர் என் பெரியப்பா. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் இடம் அது. முத்துசுவாமி தீட்சிதர் தம்முடைய முதல் கீர்த்தனையைத் திருத்தணி முருகன் சந்நிதியில்தான் பாடினார் என்பது சங்கீத உலகம் போற்றும் மரபு. பாட்டுக்குப் பஞ்சமில்லாத மண்தான்!

ஆனால் நெசவாளிக்குப் பாட்டு வேண்டியிருப்பது பெருமைக்காக அல்ல. கைத்தறியில் உட்கார்ந்திருப்பவனைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டுகிறது. மற்றொரு கை பலகையை அடிக்கிறது. கால்கள் மாறி மாறி மிதிக்கின்றன. கண் இழையை விட்டு அகலக்கூடாது. அவன் உடம்பில் வேலையில்லாமல் இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதுக்கு ஏதாவது கொடுத்தால் நாள் நகரும்; கொடுக்காவிட்டால் நாள் நகராது. இந்த உரைகல்லில்தான் ஒவ்வொரு பெட்டியையும் உரைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வந்தது கிராமபோன். 1902-ல் கல்கத்தாவுக்கு வந்த கெய்ஸ்பெர்க் என்பவர் கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்து கொண்டு போனார். 1908-ல் அந்நகரிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை ஏற்பட்டது. தட்டுக்கு வேண்டிய அரக்கு நம் நாட்டுச் சரக்கு. பெரிய குழாய் வைத்த கிராமபோனைத் தூக்கிச் செல்வது கடினம். அதைக் கைப்பெட்டிக்குள் மடக்கிய பெருமை இங்கிலாந்தைச் சேர்ந்தது. டெக்கா என்ற பெயரில் 1914-ல் வந்த கைப்பெட்டி கிராமபோன் முதல் மகாயுத்தத்தில் பதுங்கு குழிகளுக்கே போயிற்று. மின்சாரம் வேண்டாம், சாவி கொடுத்தால் போதும்.

எல்லாம் சரி. ஆனால் ஒரு பக்கம் பாடுவது சுமார் மூன்று நிமிஷம். அதற்குள் சாவி கொடுக்க வேண்டும், தட்டைத் திருப்ப வேண்டும், ஊசியை மாற்ற வேண்டும். எஃகு ஊசியானால் பக்கத்துக்கு ஒன்று என்பது கணக்கு. இரண்டு கையும் தறியில் சிக்கிய மனிதன் மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து போனால் துணி எப்போது நீளும்? அது திண்ணையில் சாய்ந்திருப்பவர்களின் கருவி. எங்கள் தெருவில் பாவு நூல் வியாபாரி ஒருவர் வீட்டில் இருந்ததாம். வாசலில் நின்று கேட்டதைப் பெரியப்பா இன்றும் சொல்லுவார். "உள்ள வான்னு யாரும் கூப்பிடல. வெளிய போன்னும் சொல்லல" என்பார்.

தறிகாரனுக்கென்றே பிறந்தது போல் வந்தது டிரான்ஸிஸ்டர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தச் சிறு பொருளைக் கண்டுபிடித்தார்கள். 1954-ல் ரீஜென்ஸி என்ற முதல் சட்டைப்பை ரேடியோ 49 டாலர் 95 சென்ட் விலையில் வந்தது. மறு வருஷமே ஜப்பானில் சோனி கம்பெனி தன்னுடையதை வெளியிட்டது. பழைய வால்வு ரேடியோ சூடேறிப் பேச ஆரம்பிப்பதற்குள் காபி ஆறிவிடும்; இதுவோ திருகியவுடன் பேசிற்று. இரண்டு மூன்று பாட்டரிக் கட்டைகள் போதும். ஒரு முறை குமிழைத் திருகிவிட்டால் சாயங்காலம் வரை கையை நீட்ட வேண்டியதில்லை.

பெரியப்பா தம்முடைய டிரான்ஸிஸ்டரை 1960-களின் நடுவில் சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கினார். தோல் உறை போட்டது. தபாலாபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அந்த வழக்கம் 1980-களில்தான் ஒழிந்தது. கட்டை தீர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார். வாங்கும் விலை ஒன்று, வைத்துக் காப்பாற்றும் விலை வேறு என்பதைப் பொருளாதார நிபுணர்களுக்கு முன்பே நெசவாளிகள் அறிந்திருந்தார்கள்.

அந்தப் பெட்டி ராஜ்ய எல்லையை மதிக்கவில்லை. 1938-ல் ஏற்பட்ட சென்னை நிலையமும், 1948-ல் ஏற்பட்ட விஜயவாடா நிலையமும் ஒரே குமிழின் இரண்டு பக்கங்களில் இருந்தன. ஐம்பதுகளில் மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியில் குறைத்தபோது ஜனங்கள் இலங்கை வானொலிக்குத் தாவினார்கள். சர்க்கார் விழித்துக் கொண்டு 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதியைத் தொடங்கிற்று. பொழுது சாய்ந்தால் தூரத்து நிலையங்களும் தெளிவாகக் கேட்கும். பகலில் மேல்வானத்தில் அலைகளை விழுங்கும் ஒரு படலம் இரவில் கலைந்துவிடுவதே காரணம். இலங்கையிலிருந்து பேசி எல்லாருடைய மனத்தையும் கவர்ந்த அறிவிப்பாளரின் பெயர் மயில்வாகனம். திருத்தணிக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

டிரான்ஸிஸ்டரிடம் ஒரு குறைதான். அது பாடுவதைத்தான் நாம் கேட்க வேண்டும். நாம் கேட்பதை அது பாடாது. இந்தக் குறையை நீக்க வந்தது 1963-ல் பிலிப்ஸ் வெளியிட்ட காஸெட். பிடித்த பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கடையில் கொடுத்தால் நாடாவில் பதிந்து தருவார்கள். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். நூல் சிக்கை எடுத்துப் பழகிய கைகளுக்கு அது ஒரு பொருட்டல்ல. 1979-ல் ஜப்பானில் வாக்மன் வந்தபோது பாட்டு ஒருவர் காதுக்குள் மட்டும் குடிபுகுந்தது. அதுவரை ஒரு பெட்டி வாங்கினால் அக்கம்பக்கத்து வீடுகளும் கேட்டன. இலவசமாகக் கேட்டவர்களின் கணக்கை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது.

2017-ல் காரவான் என்ற பெட்டி வந்தது. பழைய கிராமபோன் கம்பெனியின் இன்றைய பெயரே சரிகம. அந்தக் கம்பெனி தன்னிடமிருந்த பழைய பாட்டுகளில் ஐயாயிரத்தைப் பொறுக்கி, பழைய ரேடியோ போன்ற பெட்டிக்குள் அடைத்து, 5,990 ரூபாய்க்கு விற்றது. தமிழ்ப் பாட்டுகளுக்கும் தனிப் பெட்டி வந்தது. இணையம் வேண்டாம், தேட வேண்டாம், குமிழைத் திருகினால் போதும். வயதானவர்களின் விரலை மதித்துச் செய்த பொருள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரியப்பாவின் வரம்பு ஆயிரம்.

கடைசியில் 800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். எஃப்.எம். ரேடியோ உண்டு, பாட்டு ஏற்றிய பென் டிரைவ் சொருக ஒரு துளை உண்டு, ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உண்மையான குமிழ் ஒன்று உண்டு. அடித்தொனி கொஞ்சம் சன்னம். மின்சாரத்தில் ஏற்றிக் கொண்டால் சில மணி நேரம் தானாகப் பாடும். அவருடைய ஐம்பது பழைய பாட்டுகளை ஏற்றிக் கொண்டு ஊருக்குப் போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் ஒன்றை அடியோடு மறந்துவிட்டது தெரிந்தது. குழித்தறி இருந்த இடத்தில் இப்போது என் தம்பியின் விசைத்தறிகள் நாலு ஓடுகின்றன. தெரு முழுதும் அதே சத்தம். தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் வரைதான் சத்தத்தை அனுமதிக்கின்றன. விசைத்தறிக் கொட்டகைகள் அதைத் தாண்டுவது சகஜம். கைத்தறி காதைச் சும்மா விட்டது; விசைத்தறி கையைச் சும்மா விட்டு, காதை எடுத்துக் கொண்டது. பெரியப்பாவின் காதும் பாதி போய்விட்டது. பெட்டியைத் திருகிக் கொடுத்தேன். உதடு அசைவதைப் பார்ப்பது போல அதையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"பாடுதா?" என்றார்.

"பாடுது பெரியப்பா" என்றேன். எனக்கும் கேட்கவில்லை.

800 ரூபாய் வீண் என்று முடிவு கட்டினேன். பெரியப்பா பெட்டியை மடியிலேயே வைத்துக் கொண்டிருந்தார். ஆறரை மணிக்கு மின்சாரம் போயிற்று. நாலு தறியும் ஒரே சமயத்தில் நின்றன. அடுத்த வீட்டிலும், எதிர் வீட்டிலும் நின்றன. "ஐயோ, பாதிச் சேலையில போச்சே" என்று தம்பி தலையில் கை வைத்துக் கொண்டான். அவனுக்கு நின்ற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். அந்த நிசப்தத்தில் பெரியப்பாவின் மடியிலிருந்து சன்னமாகப் பாட்டு எழுந்தது. அவர் குமிழை முழுதும் திருகினார். எதிர் வீட்டு அம்மாள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேர் வாசலில் நின்றார்கள்.

"உள்ள வாங்கப்பா" என்று பெரியப்பா அவர்களைக் கூப்பிட்டார்.

அரை மணி கழித்து மின்சாரம் வந்தது. தம்பி ஓடிப்போய்த் தறியைப் போட்டான். பாட்டு மறுபடி சத்தத்துக்குள் மூழ்கிப் போயிற்று. பெரியப்பா பெட்டியை நிறுத்தித் துண்டில் சுற்றி வைத்தார்.

"நல்ல பெட்டிதான்டா" என்றார். "கரண்ட் போனாலும் பாடுது."