பதினொன்றாம் வகுப்பில் தீர்மானமாகும் கல்லூரி: கடலூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் பாடப்பிரிவுத் தெரிவுரிமை

தமிழ்நாட்டில் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் எல்.கே.ஜி. சேர்க்கையோடு தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அரசுப் பள்ளியா மெட்ரிக் பள்ளியா, தமிழ்வழியா ஆங்கிலவழியா என்று பெற்றோர் தவிப்பது பிள்ளையின் மூன்று வயதில்தான். சட்டமும் அந்த வயதில்தான் கைகொடுக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் அல்லாதார் நடத்தும் சுயநிதிப் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்குகிறது. ஆனால் ஒரு மாணவர் எந்தக் கல்லூரிப் படிப்புக்கு விண்ணப்பிக்கவே தகுதி பெறுவார் என்பது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு, அதாவது எந்தக் குரூப், கிடைக்கிறது என்பதில் முடிவாகிறது. பொதுக்கல்வி அமைப்பு மாணவரைத் தனியே விட்டுவிடுவதும் அப்போதுதான். அரசுப் பள்ளி மாணவரின் தெரிவுரிமையை விரிவாக்க விரும்பினால் தொடங்க வேண்டிய இடம் மேல்நிலைப் பாடப்பிரிவுச் சேர்க்கையே என்பதைக் கடலூர் மாவட்டத்தை முன்வைத்து இக்கட்டுரை வாதிடுகிறது.

தனியார் பள்ளிக்குப் போகும் வாய்ப்பே தெரிவுரிமை என்ற கருத்தை முதலில் எடைபோட வேண்டும். ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் 180 கிராமங்களில் குலுக்கல் முறையில் குழந்தைகளுக்கு உதவித்தொகை கொடுத்து, தனியார் பள்ளிகளில் சேர்த்துப் பார்த்தார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015இல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் தெலுங்கிலோ கணக்கிலோ அக்குழந்தைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருக்கவில்லை. இந்தியில் மட்டுமே வேறுபாடு தெரிந்தது. தனியார் பள்ளிகள் குறைந்த செலவில் அதே பலனைத் தந்தன என்பதும் அந்த ஆய்வின் முடிவுதான்; அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் தொடக்க வகுப்பில் பள்ளியை மாற்றுவதால் மட்டும் கற்றல் உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அது இடம் தரவில்லை. தமிழ்நாட்டில் 2010ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டம், மாநில வாரியப் பள்ளிகளுக்கும் மெட்ரிக் பள்ளிகளுக்கும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. எனவே பத்தாம் வகுப்பு வரை, என்ன படிக்கிறோம் என்பதில் பள்ளிக்குப் பள்ளி உள்ள வேறுபாடு முன்பைவிடக் குறைவு. மாணவர்களைப் பாடவாரியாகப் பிரிக்கும் முதல் கட்டம் அதற்கு அடுத்த ஜூன் மாதத்தில்தான் வருகிறது.

அந்த ஜூன் மாதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பிச்சாவரத்துக்குப் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றில் பத்தாம் வகுப்பில் தேறிய மாணவியை எடுத்துக்கொள்வோம். அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் எந்தெந்தக் குரூப் இருக்கிறது என்பது, அங்கே எந்தெந்தப் பாடத்துக்கு முதுகலை ஆசிரியர் பணியிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கணிதம் இடம்பெறும் குரூப் அங்கே இல்லை என்றால், பொறியியல் அவருக்கு அன்றே கைநழுவிவிடும். பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் 100 கணிதத்துக்கு உரியது. எஞ்சிய 100 இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் உரியது. உயிரியல் இல்லை என்றால் மருத்துவமும் இல்லை. கிடைத்த குரூப்பில் சேர்ந்தபின், பன்னிரண்டாம் வகுப்பில் அவர் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 2025இல் மாநிலப் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 விழுக்காடு. அந்தப் பெருமைக்குரிய எண், தேறியவர்கள் விரும்பிய பாடத்தில் தேறினார்களா, கிடைத்த பாடத்தில் தேறினார்களா என்பதைச் சொல்வதில்லை.

அரசு கொண்டுவந்த நல்ல சட்டங்களின் எல்லையும் இங்கே தெரிகிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது; 2021இல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது; மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்று 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. இவை அனைத்தும் கல்லூரிச் சேர்க்கையின்போதோ அதற்குப் பிறகோதான் பயன்தருகின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற அடிப்படை நிபந்தனை, நோக்கத்தில் நியாயமானதுதான். ஆனால் வேண்டிய குரூப் ஊர் அரசுப் பள்ளியில் இல்லாமல் தனியார் பள்ளிக்கு மாறும் மாணவி, மாறிய அன்றே ஒதுக்கீட்டையும் உதவித்தொகையையும் இழக்கிறார். உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் 7.5 விழுக்காடு போய்விடும். 1864இல் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய சிதம்பரத்திலும், கடலூர் நகரிலும் பழம்பெயர் பெற்ற பள்ளிகள் பல அரசு உதவி பெறுபவையே என்பதால், இம்மாவட்டத்தில் இந்த நெருக்கடி கற்பனையானதல்ல. குரூப்பை விட்டுக்கொடுப்பதா, சலுகையை விட்டுக்கொடுப்பதா என்ற நிலையில் நிறுத்தப்படுபவருக்குத் தெரிவுரிமை இருப்பதாகச் சொல்ல முடியாது.

உயர்கல்வி நிறுவனம் பக்கத்தில் இருப்பதே போதும் என்பாருக்குக் கடலூர் மாவட்டமே மறுமொழி. 1929இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னைக்கு அடுத்துத் தமிழகத்தில் அமைந்த இரண்டாவது பல்கலைக்கழகம். 2013இல் அரசு அதன் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது; 2021இல் அதன் மருத்துவக் கல்லூரியும் அரசுக் கல்லூரியானது. கடலூரில் பெரியார் கலைக் கல்லூரி மீனவக் கிராமமான தேவனாம்பட்டினத்திலேயே இருக்கிறது. விருத்தாசலத்தில் கொளஞ்சியப்பர் கலைக் கல்லூரி, சிதம்பரத்தை அடுத்த சி.முட்லூரில் அரசுக் கலைக் கல்லூரி எனப் பட்டியல் நீள்கிறது. இவ்வளவு அருகில் கல்லூரிகள் இருந்தும், எந்தத் துறைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைப் பிளஸ் ஒன் பாடம்தான் வரையறுக்கிறது. இம்மாவட்டத்தின் வரலாறு இன்னொன்றையும் கற்பிக்கிறது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் பள்ளி, தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கு வகுப்பறையோடு தங்கும் இடத்தையும் சேர்த்தே கொடுத்தது. பள்ளி இருந்தால் போதாது, பிள்ளை அங்கே போய்ச்சேர வழி வேண்டும் என்பதை அவர் அன்றே செயலில் காட்டினார்.

இன்று செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, மாவட்டம் தழுவிய ஒற்றைச் சாளரப் பிளஸ் ஒன் சேர்க்கை. பொறியியலுக்கு இணையவழிக் கலந்தாய்வு உண்டு. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளை மட்டும் மாற்றுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலைமையாசிரியர் அறையாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மாணவரின் விவரமும் ஏற்கெனவே பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் இருக்கிறது. விரும்பும் பள்ளியையும் குரூப்பையும் வரிசைப்படுத்திக் கேட்டு ஒதுக்குவது கடினமல்ல. நியூயார்க் நகரம் 2003இல் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையை இப்படி மாற்றியபோது, தாம் கேட்காத பள்ளியில் தள்ளப்பட்ட மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 30,000இலிருந்து 3,000 அளவுக்குக் குறைந்தது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், இத்தகைய ஒதுக்கீட்டு முறைகள் பற்றிய பணிக்காக 2012இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரண்டாவது, பயணம். பீகாரில் 2006இல் மாணவியருக்கு மிதிவண்டி கொடுத்ததால் மேல்வகுப்புகளில் அவர்களது சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்தது என்றும், பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில் பலன் கூடுதல் என்றும் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டில் மிதிவண்டியும் உண்டு, பஸ் பாஸும் உண்டு. ஆனால் திட்டக்குடி, வேப்பூர், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களில் தேவைப்படுவது பாஸ் அல்ல. காலை மணியடிப்பதற்குள் கொண்டுசேர்த்து, சிறப்பு வகுப்பு முடிந்தபின் திருப்பிக் கொண்டுவரும் பேருந்து.

எல்லாப் பள்ளியிலும் எல்லாக் குரூப்பையும் நடத்தக் கட்டுப்படியாகாது என்பது முதல் மறுப்பு. பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு முதுகலை இயற்பியல் ஆசிரியரை நியமிப்பது வீண்செலவு என்பதும் உண்மையே. ஆனால் அந்த உண்மை இங்கு முன்வைத்த வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது: குரூப்பைப் பள்ளிவாரியாகக் கணக்கிடாமல் வட்டாரவாரியாகக் கணக்கிட்டு, ஒரு வட்டாரத்துக்குள் எல்லாப் பிரிவுகளும் கிடைக்கச் செய்தால் ஆசிரியரும் வீணாகமாட்டார், மாணவரும் விடுபடமாட்டார். திறமையானவர்களுக்குத்தான் மாவட்டந்தோறும் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளி இருக்கிறதே என்பது இரண்டாவது மறுப்பு. அப்பள்ளிகள் பயனுள்ளவை, தங்குமிடம் தந்தால் கிராமப் பிள்ளைகள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு அவையே சான்று. எனினும் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கான வாய்ப்பை மாவட்டத்தின் தெரிவுரிமையாகக் கொள்ள முடியாது. எல்லாரும் நகரப் பள்ளிக்கே ஓடி, ஊர்ப் பள்ளி காலியாகும் என்ற மூன்றாவது அச்சம் மிகக் கனமானது. அதைத் தடுக்க ஒதுக்கீட்டில் அருகமைப் பள்ளி மாணவருக்கு முன்னுரிமை தரலாம். அந்த ஊர்ப் பள்ளியில் இல்லாத பிரிவைக் கேட்பவருக்கு மட்டும் வெளியூர் இடத்தைத் திறக்கலாம். கோத்தாரி ஆணையம் 1966இல் வலியுறுத்திய அருகமைப் பள்ளிக் கொள்கைக்கும் இது முரணாகாது.

கடைசியாக ஒரு மறுப்பு: குரூப்பைத் திறந்துவிட்டால் எல்லாரும் முதல் குரூப்பைக் கேட்டுத் தோற்பார்கள் என்பது. தேர்ச்சி விழுக்காட்டை வைத்துப் பள்ளியை எடைபோடும் வரை இந்த அச்சம் தலைமையாசிரியரை விட்டுப் போகாது. குறைந்த மதிப்பெண்காரரைத் தொழிற்பிரிவுக்கு நகர்த்தும் பழக்கமும் நிற்காது. தொழிற்பிரிவு விரும்பி எடுப்பவருக்கு நல்ல பாதை; தள்ளிவிடப்படுபவருக்கு அது தண்டனை. எனவே ஒற்றைச் சாளரச் சேர்க்கையோடு அளவுகோலும் மாற வேண்டும்: மாவட்ட நிர்வாகம் தேர்ச்சி விழுக்காட்டுடன், கேட்ட குரூப் கிடைத்தவர் எத்தனை பேர், அவர்களில் அதே துறையில் உயர்கல்விக்குப் போனவர் எத்தனை பேர் என்ற இரு எண்களையும் ஆண்டுதோறும் பள்ளிவாரியாக வெளியிட வேண்டும். 7.5 விழுக்காடு யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்பதை அந்த எண்கள் வட்டாரவாரியாகக் காட்டிவிடும். ஆசிரியர் பணியிடங்களையும் பேருந்துத் தடங்களையும் எங்கே கூட்ட வேண்டும் என்பதை முடிவுசெய்ய அதைவிட நேரான வழி இல்லை.