ஷாப்பில் வழுக்காத கால்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன வாரம் பேரணாம்பட்டு போயிருந்தேன். 1988ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவனுடைய அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். பெயர் வேண்டாம், அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். எழுபத்தாறு வயது. முப்பது வருஷம் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். ஊறின தோலை இழுத்து மேலே போடுகிற வேலை. காலுக்குக் கீழே எப்போதும் சுண்ணாம்புத் தண்ணீரும் கொழுப்பும்தான். அங்கே ஒரு நாளும் விழாதவர், வீட்டுக் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார்.

"ஷாப்புல வழுக்காத காலு வூட்ல வழுக்கிடுச்சு பாருங்க வாத்தியாரே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருமகளும் பேத்தியும் காலை ஏழு மணிக்கே ஷூ கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். மகனுக்கு வேலை ஓசூரில். பத்து மணிக்கு விழுந்தவரை மாலை ஆறரைக்குத்தான் பார்த்திருக்கிறார்கள். எட்டரை மணி நேரம் ஈரத்தரையில்.

"வயசாயிடுச்சு, நேரம் சரியில்ல" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. அந்தப் பேச்சுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. வழுக்கி விழுவது விதி என்று நம் நாட்டுச் சட்டம் எப்போதும் நினைத்ததில்லை. சம்பாதிக்கிற மனிதன் விழுந்தால் மட்டும்!

1948ல் வந்து 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தில் 32ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். தரை, படிக்கட்டு, நடைபாதை எல்லாம் உறுதியாக இருக்க வேண்டும், தேவையான இடத்தில் கைப்பிடி வைக்க வேண்டும் என்றது. பின்னால் வந்த திருத்தத்தில், வழுக்கிவிடக்கூடிய பொருள் தரையில் கிடக்கக்கூடாது என்பதும் சேர்ந்தது. நம் ஷாப்புகள் அதை எவ்வளவு மதித்தன என்பது வேறு கதை. ஆனால் விழாமல் பார்த்துக்கொள்வது முதலாளியின் பொறுப்பு என்று எழுத்தில் இருந்தது, கேட்க ஆய்வாளரும் இருந்தார். அதே மனிதன் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் அந்தக் கைப்பிடி மறைந்துபோனது.

முதியவர்கள் ஏன் விழுகிறார்கள் என்று உலகமே தாமதமாகத்தான் கேட்டது. இங்கிலாந்தில் ஷெல்டன் என்ற மருத்துவர் 202 பேர் விழுந்த 500 நிகழ்வுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1960ல் எழுதினார். படிக்கட்டு, இருட்டு, தலைசுற்றல், கால் பலவீனம் என்று காரணங்களைப் பிரித்துப் பார்த்தார். காரணம் தெரிந்தால் தடுக்கலாம் அல்லவா? இன்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் வரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

நம் மாநிலம் இதில் பின்தங்கிய மாநிலம் இல்லை. 1978ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். நம் வேலூரில் அதற்கும் முன்பே, 1966ல், பாகாயத்தில் சிஎம்சியின் மறுவாழ்வு நிலையம் வந்துவிட்டது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். உடம்பு மாறினால் வீடும் மாற வேண்டும் என்கிற பாடத்தை அந்த நிலையத்தைப் பார்த்துத்தான் நான் கற்றேன். என் சித்தப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்தபோது மூன்று மாதம் அவருக்குத் துணையாக அங்கே போய்வந்தேன்.

டெல்லியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999ல் முதியோருக்கான தேசியக் கொள்கை, 2007ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2010-11ல் முதியோர் நலத்துக்கான தேசியத் திட்டம். 2007 சட்டம் அரசு மருத்துவமனையில் முதியோருக்குப் படுக்கை வேண்டும், தனி வரிசை வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் படுக்கை விழுந்த பிறகு தேவைப்படுவது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். நாட்டின் சராசரி 8.6 தான். இன்றைக்கு இன்னும் கூடியிருக்கும். நம் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பெண்கள் கம்பெனிக்குப் போவதால் பகல் முழுக்க வீட்டில் தாத்தா பாட்டி தனியாக. 2014க்குப் பிறகு கழிவறைகள் நிறைய வந்தன, அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நான் பார்த்த பலவற்றில் ஏறுவதற்கு ஒரு முழ உயரப் படி, உள்ளே பளபளக்கிற டைல்ஸ், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. என் கணக்கில் இதுதான் பெரிய திருப்பம். பிரஷர், சுகர் மாத்திரையோடு ஒரு பெண் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வருகிறார். நடக்க முடியாதவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். இப்போதும் பெரும்பாலும் விழுந்தவருக்குத்தான், விழப்போகிறவருக்கு அல்ல. ஆனால் வாசல்வரை வந்தாகிவிட்டது. அப்படியே குளியலறையை எட்டிப் பார்க்க, 'இந்த வருஷம் விழுந்தீங்களா தாத்தா?' என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? பிரஷர் மாத்திரை போட்டவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அதைக் கேட்க அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 1990களில் இதைச் செய்து பார்த்தார்கள். வீட்டுக்கே போய் முதியவர்களுக்குக் கால் பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் பிசியோதெரபிஸ்ட், பிறகு பயிற்சி பெற்ற செவிலியர். விழுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகாலில் நிற்பது, இவ்வளவுதான் பயிற்சி. நம் ஊரில் முடியாதது எதுவும் இதில் இல்லை.

சுகாதாரத் துறையில் இருக்கும் என் மாணவர்கள் ஐந்தாறு பேர் இதைப் படிப்பீர்கள். தன்னார்வலர் எழுதும் பதிவேட்டில் இந்த ஒரு கேள்வியைச் சேர்க்க யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று கமெண்டில் சொல்லுங்கள். மனு நான் எழுதித் தருகிறேன்.

கிளம்பும்போது மாணவன் ஓசூரிலிருந்து போனில் கூப்பிட்டு, "சார், வெல்டிங் ஆளை வரச் சொல்லியிருக்கேன், கைப்பிடி எந்த உயரத்துல வைக்கணும்?" என்று கேட்டான். அப்பாவின் கட்டிலருகே போனேன். உட்கார்ந்த நிலையில் அவர் கை எட்டுகிற உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வந்தேன்.