பின்பக்கம் சொல்லும் காலம்: ஜப்பானியப் பழைய பேஸ்பால் அணி அஞ்சலட்டைகளை அடையாளங்காணும் நெறிமுறை (1900–1941)

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் ஜப்பானுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே பல பேஸ்பால் அணிகள் கடல் கடந்து சென்று விளையாடின. அப்பயணங்களின் நினைவாக வெளிவந்த பட அஞ்சலட்டைகள் இன்று பல நாட்டுச் சேகரிப்புகளில் சிதறியுள்ளன. பெரும்பாலும் ஆண்டோ இடமோ குறிக்கப்படாத இவ்வட்டைகளை அஞ்சல் விதிகள், முத்திரை, படவிளக்கச் சொற்கள், சீருடை ஆகிய சான்றுகளைக் கொண்டு அடையாளங்காணும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. படம் எடுக்கப்பட்ட காலமும் அட்டை அச்சான காலமும் வெவ்வேறானவை. அவற்றைத் தனித்தனியே நிறுவிய பின்னரே அணியின் பெயரைத் துணிய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பட அஞ்சலட்டை, பேஸ்பால், ஜப்பான், காலக்கணிப்பு, அஞ்சல் முத்திரை, புலம்பெயர்ந்தோர் வரலாறு.

முன்னுரை

ஜப்பானில் பேஸ்பால் ஆட்டம் 1870-களின் தொடக்கத்தில் தோக்கியோவில் கற்பித்த ஹோரஸ் வில்சன் என்னும் அமெரிக்க ஆசிரியர் வழியாக அறிமுகமாயிற்று. 1894-இல் சூமான் கானாயே அதற்கு 'யாக்யூ' (வெளிப்பந்து) என்னும் ஜப்பானியப் பெயரை வழங்கினார். 1905-இல் வசேதா பல்கலைக்கழக அணி, பேராசிரியர் அபே இசோவின் தலைமையில் அமெரிக்காவின் பசிபிக் கரைக்குச் சென்று 26 ஆட்டங்கள் ஆடி 7-இல் வென்றது. அதன்பின் இரு திசைகளிலும் பயணங்கள் பெருகின. 1908-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக அணியும், 1909-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியும் ஜப்பானுக்கு வந்தன. சிகாகோ பல்கலைக்கழக அணி 1910 முதல் 1930 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வந்து சென்றது.

இப்பயணங்கள் நிகழ்ந்த காலமே ஜப்பானில் பட அஞ்சலட்டை பெருவழக்கில் இருந்த காலமுமாகும். அணி வீரர்கள் வரிசையாக நிற்கும் படங்கள் அட்டைகளாக விற்பனைக்கு வந்தன. உறைக்குள் தொகுதியாக விற்கப்பட்ட அட்டைகள் பிரிந்து தனித்தனியே கைமாறும்போது, உறையில் அச்சிட்டிருந்த விவரம் அட்டையை விட்டு நீங்கிவிடுகிறது. எஞ்சுவது ஒரு படமும் ஒரு பின்பக்கமும் மட்டுமே. சேகரிப்போர் பெரும்பாலும் படத்திலிருந்தே தொடங்குகின்றனர். காலக்கணிப்பைப் பொறுத்தவரை பின்பக்கத்திலிருந்து தொடங்குவதே உறுதியானது.

1. முகவரிப் பக்கத்தின் சான்று

ஜப்பானில் தனியார் பட அஞ்சலட்டைகளை அச்சிட்டு அனுப்ப 1900-இல் அனுமதி கிடைத்தது. அதன்பின் முகவரிப் பக்கத்தின் அமைப்பு மூன்று முறை மாறியது. 1907 வரை அப்பக்கத்தில் முகவரிக்கு மட்டுமே இடம். செய்தி எழுத விரும்பியவர் படத்தின் ஓரத்திலேயே எழுத வேண்டியிருந்தது. 1907-இல் அப்பக்கத்தின் மூன்றில் ஒரு பகுதி செய்திக்கு ஒதுக்கப்பட்டது. 1918-இல் அது பாதியாக விரிந்தது. எனவே பிரிகோடு எங்கு அமைந்துள்ளது என்று பார்த்தாலே அட்டையைக் காலப் பிரிவு ஒன்றில் வைத்துவிடலாம்.

மூன்றாவது மாற்றம் எழுத்து சார்ந்தது. அஞ்சலட்டையைக் குறிக்கும் 'யூபின் ஹகாகி' என்னும் தொடர் ஒவ்வோர் அட்டையின் தலைப்பிலும் அச்சிடப்பட்டது. இதன் நடு அசை ஒலிப்புடையதாக உச்சரிக்கப்பட்டாலும், அதைக் காட்டும் இரு சிறு கீற்றுகள் 1933 வரை எழுத்தின் மேல் இடப்படவில்லை. அவ்வாண்டு பிப்ரவரிக்குப் பின்னரே கீற்றுகள் சேர்க்கப்பட்டன. ககர எழுத்து ஒன்றே இடம் நோக்கி வல்லொலியாகவும் மெல்லிய ஒலிப்புடனும் நிற்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஒலி மாறவில்லை, எழுத்தில் குறி மட்டுமே கூடியது. அக்குறியே இன்று காலக்கணிப்புக்கு எல்லைக்கல்லாக உதவுகிறது. மேலும், போருக்கு முந்தைய அட்டைகளில் இத்தலைப்பு கிடைமட்டமாக எழுதப்படும்போது வலமிருந்து இடமாகச் செல்லும். இடமிருந்து வலமாக அமைந்த தலைப்பு பொதுவாக 1945-க்குப் பிந்தைய அச்சைச் சுட்டும்.

இங்கு ஒரு தருக்க வரம்பைக் கவனிக்க வேண்டும். புதிய அமைப்பு ஒன்று அட்டையில் இருந்தால், அது அம்மாற்றத்துக்கு முன் அச்சானதன்று என உறுதியாகக் கூறலாம். பழைய அமைப்பு இருப்பதாலேயே மாற்றத்துக்குப் பின் அச்சாகவில்லை எனக் கூற இயலாது. அச்சகங்கள் பழைய அச்சுப்பாளத்தையும் எஞ்சிய தாளையும் தொடர்ந்து பயன்படுத்தும் வாய்ப்பு உண்டு. ஆகவே, பின்பக்கம் தருவது முன்னெல்லை. பின்னெல்லையை வேறு சான்றுகளால் நிறுவ வேண்டும்.

அமெரிக்காவில் அச்சான அட்டைகளுக்கும் இதே முறை பொருந்தும். அங்கு பிரிக்கப்பட்ட பின்பக்கம் 1907 மார்ச்சில் வழக்கத்துக்கு வந்தது. எனவே, அமெரிக்கப் பின்பக்கம் பிரிக்கப்பட்டதாக அமைந்த வசேதா அணி அட்டையை 1905 பயணத்தின்போதே வெளியானதாகக் கொள்ள இயலாது. அது அப்பயணப் படத்தின் மறு அச்சாகவோ, 1911 முதலான பிந்தைய பயணங்களைச் சார்ந்ததாகவோ இருத்தல் வேண்டும்.

2. முத்திரையும் அஞ்சல்தலையும்

அஞ்சல் செய்யப்பட்ட அட்டையில் முத்திரை தெளிவாக இருந்தால் ஐயம் தீர்ந்தது எனக் கருதுவது இயல்பு. ஆயினும் ஜப்பானிய உள்நாட்டு முத்திரை ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் அமைவது; ஆண்டு பேரரசரின் ஆட்சியாண்டு; ஆட்சிக்காலத்தின் பெயர் பெரும்பாலும் இடம்பெறாது. மெய்ஜி ஆண்டுடன் 1867-ஐயும், தைஷோ ஆண்டுடன் 1911-ஐயும், ஷோவா ஆண்டுடன் 1925-ஐயும் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 10.11.5 என்னும் முத்திரையை எடுத்துக்கொள்வோம். நாள், மாதம், ஆண்டு எனப் படிக்கும் பழக்கமுடையவர் இதை 1905 நவம்பர் 10 எனக் கொள்வார். அது வசேதாவின் முதல் அமெரிக்கப் பயண ஆண்டாக அமைவதால் பிழையான முடிவு மேலும் பொருத்தமாகத் தோன்றும். உண்மையில் இது பத்தாம் ஆட்சியாண்டின் நவம்பர் 5 ஆகும். தைஷோ எனில் 1921, ஷோவா எனில் 1935. மெய்ஜி பத்தாம் ஆண்டு 1877 ஆதலால், தனியார் அட்டைகளே இல்லாத அக்காலம் தானே விலகுகிறது. எஞ்சிய இரண்டில் தலைப்பில் ஒலிப்புக்கீற்று இருந்தால் 1935 என்பது உறுதி. அது இல்லையெனில் 1921-க்கே வாய்ப்பு மிகுதி. முத்திரையின் பொருளைப் பின்பக்க அமைப்பே தெளிவுபடுத்துகிறது.

அஞ்சல்தலையின் மதிப்பு இவ்வகையில் உதவுவதில்லை. உள்நாட்டு அஞ்சலட்டைக் கட்டணம் 1899 முதல் 1937 வரை ஒன்றரை சென் என்னும் அளவிலேயே நின்றது. தலையின் வடிவமைப்பு மட்டுமே பயன்தரும்.

3. படவிளக்கச் சொற்கள்

படத்தின் கீழுள்ள குறிப்பில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'யாக்யூதான்' என்பது பேஸ்பால் அணி. 'கினென்' நினைவு வெளியீட்டையும் 'கங்கெய்' வரவேற்பையும் குறிப்பன. இவற்றினும் இன்றியமையாதவை பயணத்தின் திசையைக் காட்டும் இரு சொற்கள். 'ராய்ச்சோ' என்றால் ஜப்பானுக்கு வருகை. 'தொபெய்' என்றால் அமெரிக்காவுக்குச் செல்லுதல். முதற்சொல் உள்ள அட்டையில் நிற்பவர் விருந்தினராய் வந்தவர். இரண்டாம் சொல் உள்ள அட்டையில் நிற்பவர் ஜப்பானிலிருந்து புறப்பட்டவர். இச்சொற்களை அறியாமல் முகத்தோற்றத்தை மட்டும் கொண்டு திசையை ஊகிப்பது, பின்னர் காணவிருக்கும் ஆசாஹி அணிகளைப் பொறுத்தவரை முற்றிலும் பிழைபடும்.

அக்கால வழக்கில் வெளிநாட்டுப் பெயர்களைச் சீன எழுத்துகளால் ஒலிபெயர்த்தனர். சிகாகோ, ஹவாய் ஆகியவற்றுக்கு அத்தகைய எழுத்துக்கோவைகள் உண்டு. அமெரிக்காவைக் குறிக்கும் 'பெய்கொகு' என்பதன் முதல் எழுத்துக்கு அரிசி என்று பொருள். இவ்வெழுத்துகளை ஒலிக்காகக் கொள்ளாமல் பொருளுக்காகப் படிப்பவர் இல்லாத ஊரையும் நாட்டையும் பட்டியலில் ஏற்ற நேரிடும்.

4. சீருடை தரும் சான்றும் அதன் எல்லையும்

மார்பில் உள்ள எழுத்தே அணியைக் காட்டிக்கொடுக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆங்கில 'டபிள்யூ' எழுத்து மட்டும் இருப்பின் அது வசேதாவா, வாஷிங்டனா, விஸ்கான்சினா? மூன்று பல்கலைக்கழகப் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. மூன்றின் அணிகளும் ஈராண்டு இடைவெளிக்குள் ஜப்பானிய மண்ணில் ஆடியவை. இங்கு அழைப்பு விடுத்த நிறுவனம் துணைபுரிகிறது. 1908-இல் வாஷிங்டன் அணியை வசேதாவும், 1909-இல் விஸ்கான்சின் அணியைக் கெய்யோவும் அழைத்தன. 1906 முதல் 1925 வரை வசேதாவும் கெய்யோவும் தம்முள் ஆட்டத்தையே நிறுத்தியிருந்தன. ஆகவே, எதிரணியோ மைதானமோ தெரிந்தால் விருந்தினரை ஓரளவு துணியலாம்.

நிறத்தைக் கொண்டு முடிவு செய்வதும் இடர் நிறைந்தது. அக்கால ஒளிப்படத் தகடுகள் பல சிவப்பொளியை ஏற்காதவை. சிவப்பு கருமையாகவும் நீலம் வெளிர்நிறமாகவும் பதிவாகும். கருஞ்சிவப்பை அணிந்த சிகாகோவும், அதைப் பின்பற்றிய வசேதாவும் படத்தில் ஒரே கருமையில் தோன்றுவது இதனாலேயே. கையால் நிறமூட்டிய அட்டைகளில் காணப்படும் நிறம் தீட்டியவரின் தெரிவு ஆதலால், அது சான்றாகாது. மாறாக, பின்புலத்துக் கட்டடம் நம்பகமானது. கோஷியென் மைதானம் 1924-இலும் மெய்ஜி ஜிங்கு மைதானம் 1926-இலும் திறக்கப்பட்டன. அவை தெரியும் படம் அவ்வாண்டுகளுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

5. 1931-ஆ, 1934-ஆ?

மேற்கண்ட சான்றுகள் ஒன்றுகூடிப் பயன்தரும் தெளிவான நேர்வு அமெரிக்கத் தொழில்முறை வீரர்களின் வருகை. 1931-இலும் 1934-இலும் வந்த அணிகள் இரண்டையும் யோமியூரி செய்தித்தாளே வரவேற்றது. லூ கெரிக் இரண்டிலும் இடம்பெற்றார். எனவே யோமியூரியின் பெயரும் கெரிக்கின் முகமும் மட்டும் கொண்ட அட்டை எவ்வாண்டினது என்பதைப் படம் சொல்லாது. உடனிருப்போரை அறிய முடிந்தால் ஐயம் குறையும். லெஃப்டி குரோவ், மிக்கி காக்ரேன் ஆகியோர் 1931 அணியினர். பேப் ரூத், ஜிம்மி ஃபாக்ஸ் ஆகியோர் 1934 அணியினர். தனியர் படமாயின், 1933-இல் நேர்ந்த எழுத்து மாற்றம் இவ்விரு பயணங்களுக்கும் நடுவே விழுவது நற்பேறு. ஒலிப்புக்கீற்று உள்ள அட்டை 1931 பயணத்தின்போது விற்கப்பட்டிருக்க முடியாது. கீற்று இல்லாததை 1931-க்கு உரியதாகக் கொள்வது வலுவான ஊகம். ஆயினும் முடிந்த முடிபன்று.

6. ஆசாஹி: ஒரு பெயர், பல அணிகள்

'காலைக் கதிரவன்' எனப் பொருள்படும் ஆசாஹி என்னும் பெயரைக் கடல்கடந்து குடியேறிய ஜப்பானியரின் அணிகள் பல விரும்பிச் சூடின. ஹொனலூலு, சியாட்டில், சான் ஹோசே, வான்கூவர் ஆகிய நகரங்களில் அப்பெயருடைய அணிகள் இருந்தன. வான்கூவர் அணி 1921-லும் சான் ஹோசே அணி 1925-லும் ஜப்பானுக்குச் சென்று ஆடின. இவையன்றி, 1915 முதல் நடுநிலைப் பள்ளிகளின் நாடளாவிய போட்டியை நடத்திய செய்தித்தாளின் பெயரும் ஆசாஹியே. ஆகவே, அட்டையிலுள்ள 'ஆசாஹி' என்னும் சொல் அணியையும் குறிக்கலாம். போட்டி நடத்தியவரையும் குறிக்கலாம். சொல் சீருடையில் உள்ளதா, படவிளக்கத்தில் உள்ளதா என்பது முதற்கேள்வி. பின்பக்கம் ஜப்பானியதா, வட அமெரிக்க ஒளிப்படத்தாளா என்பது இரண்டாவது. அஸோ முதலான வட அமெரிக்கத் தாள்களின் பெயர் அஞ்சல்தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி அச்சிடப்பட்டிருக்கும்.

இங்கு அடையாளங்காணல் சேகரிப்போரின் ஆர்வத்தைக் கடந்த பொறுப்பாகிறது. 1914-இல் தோன்றிய வான்கூவர் ஆசாஹி அணி 1941 வரை ஆடியது. 1942-இல் கனடா அரசு பசிபிக் கரையோரத்து ஜப்பானியக் கனடியரை உள்நாட்டுக்கு வெளியேற்றி, அவர்களின் வீடுகளையும் படகுகளையும் உடைமைகளையும் கைப்பற்றி விற்றது. கரையோரம் திரும்ப 1949 வரை தடை நீடித்தது. அணி மீண்டும் கூடவில்லை. கையில் சுமக்கக்கூடியதை மட்டும் எடுத்துச் சென்ற மக்களிடம் படத்தொகுப்புகள் முழுமையாக எஞ்சியிருக்க வாய்ப்பில்லை. மாறாக, அவ்வாண்டுகளுக்கு முன்பே ஜப்பானிலிருந்த உறவினருக்கு அனுப்பப்பட்ட அட்டைகள் அவ்வழிவிலிருந்து தப்பின. 2003-இல் அவ்வணி கனடாவின் பேஸ்பால் புகழரங்கில் சேர்க்கப்பட்டபோது அதன் வரலாறு பொதுவெளிக்கு வந்தது. எனினும், அதன் அட்டை ஒன்று 'ஜப்பானிய அணி, ஜப்பான்' எனப் பதிவாகுமாயின், இழந்தவரின் சான்று இரண்டாம் முறையும் அவர்களை விட்டு நீங்குகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, அட்டையின் பின்பக்கம் அச்சின் முன்னெல்லையைத் தருகிறது; படத்தின் காலத்தை அன்று. இரண்டாவது, சீருடை எழுத்தும் அணிப்பெயரும் தனித்து நிற்கும் சான்றுகள் அல்ல. படவிளக்கத்தின் திசைச்சொல், எதிரணி, மைதானம் ஆகியவற்றோடு இணைந்தே அவை வலுப்பெறுகின்றன. மூன்றாவது, பட்டியல் தயாரிப்போர் படத்தின் காலம், அச்சின் காலம், அஞ்சல் செய்த காலம் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றையும் உடன் குறித்தல் வேண்டும். ஒரே ஆண்டெண்ணில் மூன்றையும் அடக்கும் பதிவைப் பின்வரும் ஆய்வாளர் சரிபார்க்க இயலாது. சான்றுடன் கூடிய பதிவில் பிழை இருப்பினும் அதைத் திருத்த வழி உண்டு.