ஷெர்லி டில்மன்

ஷெர்லி டில்மன் (பிறப்பு 1946) கனடாவில் பிறந்த மூலக்கூற்று உயிரியலாளர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 19ஆவது தலைவராக இருந்தவர் (2001–2013), அப்பதவிக்கு வந்த முதல் பெண். அங்கே தலைவர் என்பது ஏறத்தாழ நம் ஊர்த் துணைவேந்தர் பொறுப்பு.

டொரான்டோவில் பிறந்த இவர், கிங்ஸ்டன் நகரத்துக் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1968இல் வேதியியல் பட்டம் பெற்றார். உடனே ஆய்வகம் புகவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் இரண்டு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தார். அதன்பிறகே பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவரானார்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பிலிப் லீடரின் குழுவில் சேர்ந்தபோதுதான் அறிவியல் உலகம் அவரைக் கவனித்தது. பாலூட்டியின் மரபணு ஒன்றை முதன்முதலாகக் குளோன் செய்தது அந்தக் குழு: எலியின் இரத்தச் சிவப்புப் புரதத்துக்கான பீட்டா குளோபின் மரபணு. அதை அதற்குரிய ஆர்.என்.ஏ.வுடன் சேரவிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இரண்டும் ஒட்டி நின்ற இழையின் நடுவே, சேர இடமில்லாத ஒரு டி.என்.ஏ. துண்டு வளையமாகப் பிதுங்கி நின்றது. மரபணு தொடர்ச்சியாக இல்லை, பின்னர் ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதிகள் இடையிடையே அதில் உண்டு என்று 1977இல் அடினோவைரஸில் கண்ட உண்மை, எலியிலும் கண்முன் தெரிந்தது.

1986இல் பிரின்ஸ்டனுக்கு வந்தார். எச்19 என்ற எலி மரபணுவை அவருடைய ஆய்வகம் ஆராய்ந்தது. அதிலிருந்து உருவாகும் ஆர்.என்.ஏ. புரதம் எதையும் தருவதாகத் தெரியவில்லை. அன்று அது பெரும் புதிர். சற்றே வேறுபட்ட இரண்டு எலி வகைகளைக் கலப்பினம் செய்து, குட்டியிடம் உள்ள மரபணுவின் எந்தப் பிரதி தாயுடையது, எது தந்தையுடையது என்று பிரித்தறிந்தார்கள். தாயிடமிருந்து வந்த பிரதி மட்டுமே வேலை செய்தது. தந்தையின் பிரதி வாய் மூடிக் கிடந்தது. 1991இல் வெளிவந்த இந்த முடிவுதான் அவருடைய அறிவியல் பணியின் உச்சம் என்று சொல்லத் தோன்றுகிறது. மனித மரபணுத் தொகுதித் திட்டத்தை வரைந்த குழுவிலும் அவர் இருந்தார்.

இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். பேராசிரியர் பணி நிரந்தரமாகும் வயதும் குழந்தை பெறும் வயதும் ஒன்றாக வந்து பெண்களை விரட்டுகின்றன, எனவே நிரந்தரப் பணி முறையையே கைவிடலாம் என்று 1993இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். துணிச்சலான கருத்து.

2001இல் புதிய தலைவரைத் தேடிய குழுவில் டில்மனும் உறுப்பினர். குழு அவரையே தேர்ந்தெடுத்தது. அதற்குமுன் அவர் டீனாகக்கூட இருந்ததில்லை. ஏமி கட்மன், ஆன்-மேரி ஸ்லாட்டர், மரியா கிளாவே எனப் பெண்களைத் தலைமைப் பொறுப்புகளில் அமர்த்தியபோது முணுமுணுப்பு எழுந்தது, அவர் பின்வாங்கவில்லை. 2005இல், குழந்தை பிறந்தால் தாய்க்கும் தந்தைக்கும் பணி நிரந்தரக் கெடு ஓராண்டு தானாகவே நீளும் என்று பிரின்ஸ்டன் விதி செய்தது. கேட்டால் கிடைக்கும் சலுகையைப் பெண்கள் கேட்கவே தயங்கினார்கள். ஆகவே அந்தத் 'தானாகவே' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இளங்கலை மாணவர் எண்ணிக்கை கூடியது, அவர்கள் தங்குவதற்கான விட்மன் கல்லூரி 2007இல் திறக்கப்பட்டது. முதலாண்டு தொடங்கும் முன் மாணவர்களை வெளிநாட்டுச் சேவைக்கு அனுப்பும் திட்டம் 2009இல் தொடங்கியது. சென்ற இடங்களில் வாரணாசியும் ஒன்று.

2013இல் பதவி விலகினார். மறு ஆண்டே புரூஸ் ஆல்பர்ட்ஸ், மார்க் கிர்ஷ்னர், ஹெரால்ட் வார்மஸ் ஆகியோருடன் ஒரு கட்டுரை வெளியிட்டார்: வேலையிடங்களைவிட அதிகமான ஆய்வாளர்களை அமெரிக்க உயிரியல் துறை உருவாக்குகிறது, அதைத் திருத்த வேண்டும் என்பது அதன் வாதம். 1998இல் அவர் தலைமையேற்ற குழுவின் அறிக்கையும் இதையே எச்சரித்திருந்தது.