சர்க்கரையும் சந்தேகமும்: அமெரிக்கக் கறுப்பின முதியோரும் மருந்தும்

அமெரிக்காவில் நீரிழிவு கண்டறியப்பட்ட வயதுவந்தோர் வெள்ளையரிடையே ஏறத்தாழ 7 விழுக்காடு. கறுப்பினத்தவரிடையே ஏறத்தாழ 12 விழுக்காடு. நோய் முற்றிக் காலை இழக்கும் நிலையும் கறுப்பினத்தவருக்கே அதிகம் நேர்கிறது. மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை என்று நோயாளிகள் மீதே பழி சுமத்தப்படுகிறது. ஏன் உட்கொள்வதில்லை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மருந்து பற்றிய நம்பிக்கைகளை அளவிட, பிரிட்டன் உளவியலாளர் ராப் ஹோர்னும் சக ஆய்வாளர்களும் 1999-இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டனர். இம்மருந்து எனக்கு எவ்வளவு தேவை? இதனால் என்ன தீங்கு வரும்? ஒவ்வொரு நோயாளியும் இவ்விரண்டையும் தராசில் இடுகிறார் என்பதே அதன் அடிப்படை. அச்சத்தின் தட்டு தாழ்ந்தால் மாத்திரை பெட்டியிலேயே தங்கிவிடும்.

கறுப்பின முதியோரின் அச்சத்திற்கு வரலாறு உண்டு. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, அரசின் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களை ஆய்வுக்கு உட்படுத்தியது. அவர்களுள் 399 பேருக்குச் சிபிலிஸ் என்னும் மேகநோய் இருந்தது. 1940-களில் பென்சிலின் உரிய மருந்தான பின்னரும் அவர்களுக்கு அது வழங்கப்படவில்லை. அரசு மன்னிப்புக் கோரியது 1997-இல்தான். இன்று எண்பது வயதை எட்டியோர் இக்கொடுமை வெளிப்பட்டபோது இளைஞர்கள். நிறவாரியாகப் பிரிக்கப்பட்ட மருத்துவமனைகளையும் கண்டவர்கள்.

தென்மாநிலக் கறுப்பினப் பேச்சுவழக்கிலும் இந்நோய்க்கு, நம் வழக்கைப் போலவே, 'சர்க்கரை' என்றே பெயர். இன்சுலின் தொடங்கிய சிறிது காலத்திலேயே தாய்க்குக் கால் போயிற்று, மாமாவுக்குக் கண் போயிற்று என்று கண்ட குடும்பம், இன்சுலினே கேடு செய்தது என முடிவு கட்டுகிறது. கண்ட வரிசை உண்மை, காரணம் வேறு. நோய் முற்றிய பிறகே இன்சுலின் அவர்களிடம் வந்து சேர்ந்தது. ஆகவே இவ்வச்சத்தை இகழ்வதும் தவறு, போற்றுவதும் தவறு. மருந்தை நிறுத்தினால் சிறுநீரகமும் விழித்திரையும் ஓசையின்றிச் சிதையும்.

விலையும் சேர்ந்து அழுத்துகிறது. மெடிகேர் என்னும் முதியோர் காப்பீட்டில், இன்சுலினுக்கு நோயாளி செலுத்தும் தொகைக்கு மாதம் 35 டாலர் என்ற உச்சவரம்பு 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நம்பிக்கையை அறிவுரையால் மட்டும் மீட்க முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பினத்தவர் நடத்தும் 52 முடிதிருத்தகங்களில் இரத்த அழுத்தம் குறித்த ஆய்வு ஒன்று நடந்தது. 2018-இல் அதன் முடிவுகள் வெளியாயின. மருந்தாளுநர்களே அங்கு வந்து மருந்தளித்தபோது, வாடிக்கையாளரின் அழுத்தம் பெருமளவு குறைந்தது. பழகிய இடத்தில், பழகிய முகங்களுக்கிடையே மருந்து வந்ததே வேறுபாடு. நீரிழிவுக்கும் இப்பாடம் பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம்.

கறுஞ்சிறுத்தைகள் 1970-களில் இலவச மருத்துவ நிலையங்களை நடத்தியதும் இப்புரிதலோடுதான். 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அவர்களிடமிருந்து பெயரைப் பெற்றனர். மருத்துவத்தையும் உரிமைப் போராட்டமாகக் கண்ட அவர்களின் பார்வையையும் நாம் பெற வேண்டும். சொன்னபடி நடக்காதவர் என்று ஒரு நோயாளியைக் குறிக்கும் முன், அவரிடம் முன்பு சொல்லப்பட்டவை எத்தனை முறை பொய்த்தன என்று மருத்துவம் கேட்கட்டும்.